பக்கத்துக் கதவும் படிக்கட்டும்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, அழைப்பிதழில் பெயர் விடுபட்டும் மனம் கோணாமல் வந்திருக்கும் எங்கள் வார்டு உறுப்பினர் அவர்களே, பொன்னாடை வேண்டாம், புத்தகம் போதும் என்றதும் இரண்டையும் கொடுத்துவிட்ட விழாக் குழு நண்பர்களே, வழக்கம்போல மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியை என் வீட்டில் நம்ப மாட்டார்கள். இருந்தாலும் நன்றி.

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பொருள். மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். ஒன்று, பக்கத்தில் இருப்பது. இரண்டு, ஒத்த ரசனை. மூன்று, கொடுத்து வாங்குவது. நடுவே ‘கிட்ட உறவு முட்டப் பகை’ என்ற பழமொழியும் வரும். அதை நான் இந்த மேடையில் முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்வேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் கல்லூரிகளில் வந்து குவிந்தார்கள். எம்.ஐ.டி.யில் படிக்க வந்த குடும்பஸ்தர்களுக்காக வெஸ்ட்கேட் என்று ஒரு குடியிருப்பு எழுப்பினார்கள். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருக்கும் எம்.ஐ.டி. யாருக்கு எந்த வீடு என்பது அவரவர் விருப்பப்படி அமையவில்லை. காலியான வீட்டில் வந்தவர் குடியேறினார். அங்கே லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், குர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், நீங்கள் அதிகம் பழகுவது யாரோடு என்று கேட்டார்கள். 1950-இல் அது புத்தகமாக வந்தது.

ஒரே மாடியில் ஐந்து கதவுகள். அடுத்த கதவுக்காரர்களை எடுத்துக்கொண்டால், 100-க்கு 41 பேர் நெருங்கிய நண்பர் என்று சொல்லப்பட்டார்கள். ஒரு கதவு தள்ளிப் போனால் 22. வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறும் 10. தூரம் என்ன பெரிய தூரமா? கோடிக்குக் கோடி 90 அடிக்குள்தான். அதைவிட ருசியான விஷயம் படிக்கட்டு. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம். அவர்கள் குணத்தில் தங்கமானவர்கள் என்பதால் அல்ல. மேலே போகிறவர் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எங்கள் அடுக்ககம்தான் நினைவுக்கு வந்தது. ஒருமுறை லிஃப்ட் பழுதாகி, உதிரிப்பாகம் வரவில்லை வரவில்லை என்று வாரக் கணக்கில் நின்றது. அதுவரை லிஃப்டுக்குள் எல்லாரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டு வருவோம், ஏதோ அதில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடுகிற மாதிரி. இப்போது படியேறியாக வேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் மூச்சு வாங்க நிற்பார். பாவம் என்று எதிர்வீட்டு அம்மா முதுகு உடைந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதோடு கதை மாறிவிட்டது. நாற்காலி இருந்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தால் பேசுவார்கள். பெரியவர் போக வர எல்லாரையும் நிறுத்தி ‘தம்பி, எந்த ஊரு?’ என்று ஆரம்பித்தார். நாலாம் மாடி மாமியின் அரிசி மூட்டையை மூன்றாம் மாடிப் பையன் தூக்கிப் போனான். மாமி அவனுக்கு முறுக்கு கொடுத்தார். அப்புறம் அவன் தினமும், தூக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டான்!

(சிரிப்பு)

சும்மா விடுவோமா? அதே திருப்பத்தில் ஒரு வீட்டார் செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்தார்கள். லிஃப்டில் போனபோது அது யார் கண்ணிலும் படவில்லை. நடக்க ஆரம்பித்ததும் பட்டது, காலில் இடித்தது. சங்கக் கூட்டத்தில் அந்தச் செருப்பு ஸ்டாண்டுக்காக நடந்த சண்டையைப் பாகப்பிரிவினையில்கூட நான் பார்த்ததில்லை. கிட்ட உறவு முட்டப் பகை! 1976-இல் கலிஃபோர்னியாவில் ஓர் அடுக்ககக் குடியிருப்பில் செய்த ஆய்விலும் இதுவேதான். பிடித்தவர்களும் பக்கத்தில், பிடிக்காதவர்களும் பக்கத்தில். சத்தமும் குப்பையும் அடுத்த வீட்டிலிருந்துதானே வரும்?

அப்படியானால் ஒதுங்கியே இருந்துவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். செருப்பு ஸ்டாண்டு வீட்டாரோடு இன்றைக்கும் எனக்குப் பேச்சு உண்டு, சண்டை போட்ட உரிமையில். லிஃப்ட் சரியான பிறகு குடிவந்தவர்களின் பெயரே எனக்குத் தெரியாது.

இரண்டாவது செய்தி, ஒத்த ரசனை. மேரிலாந்து காவலர் பயிற்சிப் பள்ளியில் அகர வரிசைப்படி அறையும் இருக்கையும் கொடுத்தார்கள். நட்பும் பெரும்பாலும் அகர வரிசையிலேயே அமைந்தது என்று 1974-இல் ஒரு ஆய்வு சொன்னது. ரசனை எல்லாம் அப்புறம்தான் போல. சரி, இதை விரித்துப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிடம் ஐயா, முக்கியமானதற்கு வந்துவிடுகிறேன்.

இந்த நூலகத்தின் வாசல் திண்ணை. அதை இடித்துவிட்டு பைக் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. யார் கிளப்பியது என்று நான் சொல்லப் போவதில்லை. வார்டு உறுப்பினர் முன்னிலையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். காலையில் அந்தத் திண்ணையில் ஒரே தினத்தாளை நாலாகப் பிரித்து நாலு பேர் படிக்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்தை முடித்தவர், தலையங்கம் படிப்பவர் எப்போது முடிப்பார் என்று எட்டிப் பார்க்கிறார். அதில் ஒருவர் டி.என்.பி.எஸ்.சி. எழுதும் பெண், ஒருவர் ஆட்டோ ஓட்டுநர். இவர்கள் சந்திக்க இந்தத் தெருவில் வேறு இடம் எங்கே? உள்ளே ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டியிருக்கிறோம். பேசுவதற்கு இருப்பது திண்ணை ஒன்றுதான்.

அங்கேயும் சண்டை வருமா? வரும். கிட்ட உறவு முட்டப் பகை என்று நான்தானே சொன்னேன். போன மாதம் குறுக்கெழுத்துக் கட்டத்தை யாரோ பேனாவால் நிரப்பிவிட்டார்கள் என்று பெரிய ரகளை. மறுநாள் அதே நாலு பேர் அதே இடத்தில்.

வண்டிகளுக்குப் பின்பக்கக் காலி மனையைக் கேட்கலாம் என்று நூலகர் அம்மையாரே யோசனை சொல்லியிருக்கிறார். அதை மனுவாக எழுதி, வாசல் மேசையில் நோட்டோடு வைத்திருக்கிறோம். உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டால் எங்களுக்குப் பெருமை. மற்றவர்கள் பெயரும் தெருவும் தெளிவாக எழுதுங்கள், கிறுக்கல் கையெழுத்தால் போன மனு திரும்பி வந்தது. மூன்றாவது செய்தியான கொடுத்து வாங்குவதை அடுத்த ஆண்டு அழைத்தால் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.