தண்டவாளம், ஸ்க்ரூ, சி.வி. ஜாயிண்ட்: ஜி.கே.என். கடந்து வந்த பாதை

வணக்கம் நண்பர்களே. உங்களிடம் முன்சக்கரம் இழுத்து ஓடுகிற கார் இருந்தால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்ததை ஒரு நாளாவது கேட்டிருப்பீர்கள். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "பூட் (ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் போயிடுச்சு சார், ஜாயிண்ட் மாத்தணும்" என்பார். அந்த சி.வி. ஜாயிண்டை, அதாவது சக்கரம் திரும்பினாலும் வேகம் மாறாமல் சுற்ற வைக்கும் இணைப்பை, உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் ஜி.கே.என். அந்தக் கம்பெனி கார் பாகத்தில் தொடங்கியதே இல்லை, அதுதான் இதில் விசேஷம்.

ஆரம்பம் 1759. தெற்கு வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் ஊருக்குப் பக்கத்தில் டௌலைஸ் என்ற இடம். இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்ததால் சில பங்குதாரர்கள் சேர்ந்து அங்கே இரும்பு உருக்கும் ஊதுலை போட்டார்கள். 1767-ல் ஜான் கெஸ்ட் மேலாளராக வந்தார். அவருடைய பேரன் காலத்தில், 1845 வாக்கில், 18 ஊதுலைகள், 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். ரயில் பரவிக்கொண்டிருந்த காலம் அல்லவா, தண்டவாளம்தான் முக்கியச் சரக்கு. ரஷ்யா வரைக்கும் போனது. 1852-ல் பேரன் இறந்த பிறகு அவர் மனைவி ஷார்லட் கெஸ்ட் ஆலை நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இவ்வளவு பெரிய இரும்பாலையை நடத்தியது சாதாரண விஷயம் இல்லை. வெல்ஷ் பழங்கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான்.

இனி பர்மிங்காம் பக்கம் வருவோம். அதுவரை மரத்தில் இறக்கும் ஸ்க்ரூவுக்கு முனை மொட்டையாக இருந்தது, முதலில் துளை போட்டால்தான் உள்ளே இறங்கும். கூர்முனை ஸ்க்ரூவைத் தானாகவே செய்யும் ஓர் அமெரிக்க இயந்திரத்தின் காப்புரிமையை ஜான் சட்டன் நெட்டில்ஃபோல்ட் 1854-ல் வாங்கினார். பணம் போதாததால் மைத்துனர் சேம்பர்லினைச் சேர்த்துக்கொண்டார். சேம்பர்லின் தன் பணத்தைக் கவனிக்க 18 வயது மகனை அனுப்பினார். அந்தப் பையன்தான் பின்னாளில் பிரிட்டனின் காலனி நாடுகளுக்கு அமைச்சரான ஜோசப் சேம்பர்லின்.

நட்டு, போல்ட்டு செய்துகொண்டிருந்த ஆர்தர் கீன் 1900-ல் டௌலைஸுடன் இணைந்தார். 1902-ல் நெட்டில்ஃபோல்ட்ஸும் வந்தது. கெஸ்ட், கீன், நெட்டில்ஃபோல்ட்ஸ், மூன்றும் சேர்ந்து ஜி.கே.என். தாதுவை உருக்குவதிலிருந்து ஸ்க்ரூ வரை ஒரே கூரை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 1951-ல் பிரிட்டிஷ் அரசு எஃகுத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. பிறகு திருப்பிக் கொடுத்தது. 1964-ல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எடுத்துக்கொண்டது 1967-ல். அதற்கு முந்தைய ஆண்டு, 1966-ல், ஜி.கே.என். பர்ஃபீல்ட் என்ற குழுமத்தை வாங்கியது. ஹார்டி ஸ்பைசர் என்ற கார் பாகக் கம்பெனி அதற்குள்தான் இருந்தது. 1959-ல் வந்த மினி காருக்கு சி.வி. ஜாயிண்ட் போனது அங்கிருந்துதான்.

அந்த ஜாயிண்ட் ஏன் அவ்வளவு முக்கியம்? முன்சக்கரம் உருளவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கும் சாதாரண யுனிவர்சல் ஜாயிண்டை அங்கே போட்டால், வளைந்த நிலையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங் உதறும். ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் கண்டுபிடித்த வடிவம் வேறு மாதிரி. வெளியே ஒரு கிண்ணம், உள்ளே ஒரு வளையம், இரண்டிலும் வளைவான ஆறு பள்ளங்கள், அவற்றில் ஆறு எஃகு குண்டுகள், குண்டுகளைப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. ஷாஃப்ட் எவ்வளவு வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும். அதனால் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். எழுபதுகளில் சின்னக் கார்கள் வரிசையாக முன்சக்கர இயக்கத்துக்கு மாறியபோது, இந்த ஜாயிண்ட் ஜி.கே.என். கையில் இருந்தது. இருநூறு வருடத் தொழில் கைவிட்டுப் போகும் நேரத்தில் இதைத் தேர்ந்தெடுத்ததுதான் அந்தக் கம்பெனி எடுத்த முடிவுகளிலேயே மிகச் சிறந்தது என்பேன்.

அதற்கப்புறம் என்னென்னவோ செய்தார்கள். சரக்கு அடுக்கும் நீலப் பலகைகளை வாடகைக்கு விட்டார்கள், வாரியர் கவச வண்டி செய்தார்கள். 1994-ல் வெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர் கம்பெனியை முழுதாக வாங்கி, பத்து வருடத்தில் அந்தத் தொழிலிலிருந்து வெளியே வந்தார்கள். ஃபில்டனில் ஏர்பஸ் இறக்கைப் பாகங்கள் செய்யும் ஆலை, 2012-ல் வால்வோ ஏரோ, 2015-ல் ஃபொக்கர் என்று விமானத் துறையில் வேரூன்றினார்கள்.

2018-ல் மெல்ரோஸ் என்ற நிறுவனம் சுமார் 8 பில்லியன் பவுண்டுக்கு, நிர்வாகத்தின் எதிர்ப்பை மீறி, ஜி.கே.என்.னைக் கைப்பற்றியது. சம்மதித்தவர்களிடம் இருந்த பங்கு வெறும் 52 சதவீதம் சொச்சம். சண்டை தொடங்கிய பிறகு விலை ஏறும் என்று பங்கு வாங்கிய நிதி நிறுவனங்களும் அதில் சேர்த்தி. இது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம். சில வாரங்களுக்கு முன் பங்கு வாங்கியவரும், வருடக் கணக்கில் வைத்திருந்தவரும் ஒரே எடையில் முடிவு செய்வது எப்படி நியாயம்? 2021-ல் பர்மிங்காமின் எர்டிங்டன் ஆலையை மூடப் போவதாக அறிவித்தார்கள், 500-க்கும் மேற்பட்ட வேலைகள். அதே வருடம் ஜூலையில் இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் பக்கத்து ஆலையில் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை என்று மின்னஞ்சல் போனது. தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேற மறுத்து அங்கேயே உட்கார்ந்தார்கள்.

2023-ல் கார் பாகப் பிரிவைத் தனியாகப் பிரித்து அதற்கு டௌலைஸ் என்றே பெயர் வைத்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கன் ஆக்சில் என்ற கார் பாகக் கம்பெனி அதை வாங்கப் போவதாக அறிவித்தது. விமானப் பிரிவு மெல்ரோஸிடமே இருக்கிறது.

சி.வி. ஜாயிண்ட் கழற்றி மாட்டிய அனுபவம் உள்ள மெக்கானிக் அண்ணன்கள் கமெண்டில் எழுதுங்கள். வெஸ்ட்லேண்ட் கதையைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.