மூன்று மீட்டர் அலை

தருமபுரி பண்பலை 102.5 நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரேடியோ பழுது பார்த்தவன் நான். நீங்கள் இந்தப் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தீர்கள் என்றால், நான் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தே காலத்தைக் கழித்தேன். அதனால் பாட்டு ரேடியோ நம் பக்கத்துக்கு வந்த கதையை அங்கிருந்தே சொல்கிறேன்.

அந்தக் காலத்து வால்வு செட்டில் மத்திய அலையை வைத்து முள்ளை மெல்ல நகர்த்தினால், முதலில் 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு கன்னடம் பேசும். பிறகு 720-இல் சென்னை. இன்னும் நகர்த்தினால் 936-இல் திருச்சி. நம் ஊர் எந்த எல்லையில் இருக்கிறது என்பதை அந்த டயல் கண்ணாடியே காட்டிவிடும். மூன்று நிலையங்களையும் கேட்டோம். ஆனால் மூன்றும் தூரத்து ஊர்கள்.

சினிமாப் பாட்டுக்கு இவற்றை நம்ப முடியாத காலமும் இருந்தது. 1952-இல் ஒன்றிய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சாஸ்திரிய சங்கீதம் வளர வேண்டும் என்று எண்ணி, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். நல்ல எண்ணமாகவே இருந்திருக்கலாம். ஆனால் நாற்று நடுகிறவளும் வண்டி ஓட்டுகிறவனும் வாய்விட்டுப் பாடுகிற பாட்டை ரேடியோவிலிருந்து எடுத்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். கேட்கிறவர்கள் முள்ளைத் திருப்பிவிட்டார்கள்.

திருப்பிய இடம் கொழும்பு. இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் படையினருக்காக அங்கே 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவியிருந்தார்கள். போர் முடிந்து அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. சிற்றலை வானத்தில் மோதித் திரும்பித் தரையிறங்கும். கடலும் மலையும் அதற்குத் தடையில்லை. போருக்கு வைத்த கருவி நம் வீட்டுத் திண்ணையில் பாட்டைக் கொண்டுவந்து இறக்கியது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் தமிழைக் கேட்டுத்தான் அறிவிப்பு என்பதும் ஒரு கலை என்று எங்கள் தலைமுறை தெரிந்துகொண்டது. 1957 அக்டோபர் 3-இல் அகில இந்திய வானொலியின் பாட்டு ஒலிபரப்பான விவித பாரதி தொடங்கியதற்கும் இந்தப் போட்டி ஒரு முக்கியக் காரணம்.

என் அப்பா தபால் அலுவலகத்தில் ரேடியோ உரிமக் கட்டணம் கட்டியவர். பாட்டு கேட்டு அவர் எழுதிய கடிதம் ஒன்று ஒருநாள் தொலைவிலிருந்த ஒரு நிலையத்தில் வாசிக்கப்பட்டது. பெயர் சரியாக வந்தது. ஊர்ப் பெயரில் இருந்த 'அள்ளி' மட்டும் 'பள்ளி' ஆகிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. "பாட்டு நம்முடையது. ஊர் வேறு யாருடையதோ" என்றார். பாட்டைப் போடும் நிலையத்துக்கும் நம்முடைய நிலையத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றுதான் புரிந்தது.

பண்பலை நம் நாட்டில் முதலில் ஒலித்தது 1977 ஜூலை 23-இல், சென்னையில். தனியார் நிலையங்கள் வர வெகுநாள் ஆயிற்று. வானலை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. 2001 ஜூலை 3-இல் பெங்களூருவில் முதல் தனியார் பண்பலை தொடங்கியது. ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கத்து வீட்டு ரேடியோ. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து உரிமம் எடுத்தவர்கள் விளம்பரம் கிடைக்கும் பெருநகரங்களைத்தான் தேடிப் போனார்கள். தருமபுரியைத் தேடி வந்தது அரசு வானொலி. இதை நன்றியோடு சொல்கிறேன்.

இந்த அலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 102.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். உங்கள் டிரான்சிஸ்டரின் கம்பியை முழுதாக இழுத்து அளந்து பாருங்கள். பல செட்டுகளில் முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். அலையில் ஏறக்குறையக் கால் பங்கு. செல்போனில் பண்பலை கேட்க இயர்போனைச் செருகச் சொல்வதும் இதற்காகத்தான்; அந்த ஒயர்தான் ஏரியல்.

இந்த அலை சிற்றலை மாதிரி வானத்தில் மோதித் திரும்புவதில்லை. நேராகப் போகும். மலை குறுக்கே வந்தால் மங்கிவிடும். சேலத்துக்குப் போகும் பஸ் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது பாட்டில் கரகரப்பு சேர்வதைக் கேட்டிருப்பீர்கள். இதைக் குறை என்று சொல்லி என்னிடம் செட்டைக் கொண்டுவந்தவர்கள் பலர். எனக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. தூரம் போக முடியாத அலை என்பதால்தான் அது தூரத்து ஊரின் பெயரைச் சொல்லத் தேவையில்லாமல் நம் ஊர்ப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். பட்டுப்புழு வளர்ப்பவர். நான்காம் தோலுரிப்பு முடிந்த புழுக்களுக்கு இரவிலும் இலை போட வேண்டும். அவை மல்பெரி இலையைத் தின்னும் சத்தம் கூரையில் தூறல் விழுவது போல இருக்கும். அந்த வளர்ப்பு மனையில் அவருக்குத் துணை ஒரு சின்ன டிரான்சிஸ்டர். டயல் நூல் தளர்ந்து முள் நழுவிக்கொண்டே இருந்தது. "தம்பி, முள்ளு நகர்ந்தால் எனக்கு மறுபடி வைக்கத் தெரியவில்லை. ஊர்ப் பெயர் வாசிக்கிற நேரத்துக்குள் நிலையம் போய்விடுகிறது" என்றார். புது நூலைக் கப்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்பிரிங்கை மாட்டி இறுக்கினேன். பிறகு பக்கத்துக் கடையில் சிவப்பு நகப்பூச்சு வாங்கி, கண்ணாடியில் 102.5-க்கு நேராக ஒரு பொட்டு வைத்தேன். அடுத்த மாதத்துக்குள் அவர் ஊரிலிருந்து ஏழு செட்டுகள் வந்தன. ஆறு நன்றாகத்தான் இருந்தன. பொட்டு வைக்க மட்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

பேர்பெற்ற சினிமாப் பாட்டு இன்று எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அந்த அம்மாவின் பேரன் நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவான். ஆனால் அந்தப் பாட்டுக்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர் வராது.

இங்கே ஒலிவாங்கியின் முன் அமரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நேயர் விருப்பம் வாசிக்கும்போது அவசரப்படாதீர்கள். மாரண்டஅள்ளி, கம்பைநல்லூர், ஏரியூர், அஞ்செட்டி, வேப்பனப்பள்ளி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விடுங்கள். அள்ளி எது, பள்ளி எது என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.