புரொஜெக்டரை அணைத்த பிறகுதான் கச்சேரி தொடங்கியது
வணக்கம் நண்பர்களே. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று தள்ளிப்போட்டால் மனத்தில் இருப்பது ஆறிப்போய்விடும் என்பதால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, இவற்றைவிடப் பெரிய ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு ஒன்று ஓவியர்களோடு சேர்ந்து மூன்று சனிக்கிழமைகளில் வாசிக்கப்போகிறது என்று போன காணொளியில் சொன்னேன் அல்லவா, அதன் முதல் கச்சேரி இன்று பினாங்கின் வெல்ட் கீ பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் நடந்தது. ஐரோப்பாவில் கச்சேரிப் பருவம் தொடங்கும் காலம் என்பதால் தொடருக்கு இலையுதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பினாங்கில் இது சாயங்கால மழையும், லிட்டில் இந்தியாவில் தீபாவளிக் கூட்டமும் சேர்ந்து வரும் காலம்.

முதலில் டிக்கெட் விஷயம். ஒரு டிக்கெட் 70 வெள்ளி. நல்ல கலைஞர்களுக்கு அதைக் கொடுக்க நான் தயங்கியதே இல்லை. ஆனால் எனக்கும் அக்காவுக்கும் இணையத்தில் ஒரே தடவையில் இரண்டு டிக்கெட் எடுத்தபோது, பதிவுக் கட்டணமாக 5 வெள்ளியை இரண்டு முறை பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டியது ஒரே அட்டையில், வந்ததும் ஒரே மின்னஞ்சல், அப்படியிருக்க இரண்டு கட்டணம் எதற்கு? வாசலில் இருந்த தம்பியிடம் கேட்டேன். நேரில் வாங்கினால் அந்தக் கட்டணமே கிடையாதாம். இதை டிக்கெட் பக்கத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தால் என்ன?

முதல் பாதியில் ருஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' தொகுப்பிலிருந்து சில பகுதிகளை நால்வருக்கு ஏற்றபடி அமைத்து வாசித்தார்கள். 1873-இல் இறந்துபோன தன் ஓவிய நண்பர் ஹார்ட்மனின் படங்களை மறு ஆண்டு கண்காட்சியில் பார்த்துவிட்டு, முசோர்க்ஸ்கி பியானோவுக்காக எழுதிய இசை அது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை தொலைந்துபோய்விட்டன. இசை மட்டும் தன் காலில் நிற்கிறது. அப்படிப்பட்ட இசைக்குப் பின்னால் வெள்ளைத் திரை கட்டி, தாளம் மாறும்போதெல்லாம் வண்ணப்படம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று படம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், காதுக்கு என்ன வேலை இருக்கிறது?

அதைவிடக் கொடுமை அந்தப் புரொஜெக்டர். நான் எப்போதும் செல்லோவுக்கு நேரே உட்காருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அந்த நாற்காலிக்குச் சரியாகப் பின்னால் புரொஜெக்டரை வைத்திருந்தார்கள். அதன் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருந்தது. வியோலா மெல்ல இறங்கி வரும் இடங்களில் எல்லாம் அந்த இரைச்சல் பக்கத்தில் வந்து நின்று, அரைச் சுருதி தள்ளி ரீங்காரம் போட்டது. அக்காவுக்கு அது கேட்கவே இல்லையாம். எனக்கு அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு திரையைச் சுருட்டி, புரொஜெக்டரை அணைத்து, குளிரூட்டியையும் நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டார்கள். ஓவியர் மேடையின் ஓரத்தில் முக்காலி போட்டு, கையில் கரித்துண்டோடு உட்கார்ந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 28 வயதில், 1903-இல் முடித்த நால்வர் இசையை எடுத்தார்கள். இரண்டாவது பகுதி தொடங்கும்போது வில்லை விட்டுவிட்டு நான்கு பேரும் விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். அந்த இடத்தில் ஓவியரின் கை தாளின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மீண்டும் வில் ஏறிய பிறகுதான் கரித்துண்டு தாளில் உரசும் ஓசை, காய்ந்த இலையைத் தேய்ப்பது போல, மூன்றாம் வரிசைவரை வந்தது.

சொல்ல விட்டுப்போய்விட்டது, ராவெலை எடுப்பதற்கு முன்னால் சுருதி சேர்க்கவே வெகுநேரம் ஆயிற்று. குளிரில் இருந்த வாத்தியங்கள் திடீரென்று மழைக்காற்றைச் சந்தித்தால் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், சுருதி நழுவும். செல்லோ வாசித்த பெண்மணி பகுதிக்குப் பகுதி முறுக்காணியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பொறுமைக்காகவே எழுந்து நின்று கைதட்டினேன்.

கந்தின்ஸ்கி என்ற ஓவியர் 1911 ஜனவரியில் மூனிக் நகரில் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் இரண்டாம் நால்வர் இசையையும் பியானோத் துண்டுகளையும் ஒரே கச்சேரியில் கேட்டார். முழுதும் கேட்டு முடித்துத் திரும்பிய பிறகு ஒரு படம் வரைந்தார். கறுப்பாகப் பியானோ, அதைச் சுற்றிப் பெருக்கெடுக்கும் மஞ்சள், இவ்வளவுதான் பிரதானம். அதற்குமுன் அறிமுகமே இல்லாத ஷோன்பெர்க்குக்கு அந்த மாதமே கடிதமும் எழுதினார். கூட்டு முயற்சி என்றால் எனக்கு அதுதான். இன்று முக்காலியில் இருந்தவரும் அப்படித்தான் முதலில் கேட்டார், பிறகு வரைந்தார்.

அவர் வரைந்த தாளை வாசல் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான்கு உருவங்களில் மூன்றுக்கு முகமே இல்லை. செல்லோவின் கழுத்தை மட்டும் அழுத்தி, அழுத்தி, தாள் கிழிகிற அளவுக்குக் கறுப்பாக்கியிருந்தார். படம் பிடிக்க அனுமதி இல்லாததால் உங்களுக்குக் காட்ட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போகிறேன். டிக்கெட்டை வாசலில்தான் வாங்குவேன். அன்றைக்கும் திரை கட்டியிருந்தால், புரொஜெக்டருக்கு எட்டாத கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் பாதி வரும்வரை காத்திருப்பேன்.