பிரியாத சேய்ச் செல்கள்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வலையைப் பிரிக்கும்போது மீனோடு சேர்ந்து வரும் கடற்பஞ்சுத் துண்டுகளை, விலைபோகாதவை என்று ஓரமாக வீசிவிடுவார்கள். வாயோ நரம்போ இல்லாத அந்தப் பஞ்சும் ஒரு விலங்குதான். ஒற்றைச் செல்லாய் வாழ்ந்த முன்னோரிடமிருந்து விலங்குகள் எப்படித் தோன்றின என்பதற்கான தடயம் ஒன்று அதன் உடலுக்குள் இருக்கிறது.

கடற்பஞ்சின் உட்சுவரில் உள்ள சிலவகைச் செல்களில், நீரை அடித்துத் தள்ளும் ஒரு கசையிழையும் அதைச் சுற்றிப் படல் கட்டியதுபோல் நுண்ணிழைகளாலான வளையமும் உண்டு. நீரில் வரும் பாக்டீரியாக்கள் அந்தப் படலில் சிக்க, செல் அவற்றை விழுங்குகிறது. இதே அமைப்புடன் தனித்து வாழும் ஒற்றைச்செல் உயிரிகளுக்குக் கொயனோபிளாஜெல்லேட்டுகள் என்று பெயர். வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். இவ்விரண்டின் ஒற்றுமையை அமெரிக்கரான ஹென்றி ஜேம்ஸ் கிளார்க் 1860-களிலேயே சுட்டிக்காட்டினார். கொயனோபிளாஜெல்லேட்டுகளே விலங்குகளின் மிக நெருங்கிய உறவினர் என்பதை மரபணு ஒப்பீடு பின்னர் உறுதிசெய்தது. 2008-இல் மோனோசிகா பிரேவிகோலிஸ் என்னும் கொயனோபிளாஜெல்லேட் இனத்தின் மரபணுத்தொகுதி வெளியானபோது, நம் செல்களைப் பிணைக்கும் கேடரின் வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள், கூட்டமாக வாழாத அந்த உயிரியிடமும் 23 இருப்பது தெரியவந்தது. உடல் தோன்றுமுன்பே அவை வேறு வேலைக்கு, ஒருவேளை இரையைப் பற்றுவதற்கு, பயன்பட்டிருக்கலாம்.

தனித்தனிச் செல்கள் வந்து கூடியே உடல் உருவானது என்று நினைக்கத் தோன்றும். 1907-இல் உயிரியலாளர் ஹெச். வி. வில்சன் கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணி வழியே பிழிந்து செல்களாகச் சிதறடித்தபோது, அவை மீண்டும் கூடிப் பஞ்சாகவே வளர்ந்தன. ஆனால் அவை ஏற்கெனவே ஓருடலாய் இருந்தவை. தொடக்கத்தில் நடந்தது வேறு என்றே நான் கருதுகிறேன். சால்பிஞ்சோயிக்கா ரொசெட்டா என்னும் கொயனோபிளாஜெல்லேட்டில், ஒரு செல் பிளவுபடும்போது சேய்ச் செல்கள் முற்றிலும் விலகாமல், மெல்லிய பாலங்களால் இணைந்து, ரோஜா இதழடுக்கு போன்ற கூட்டமாகின்றன. ஒரே தாய்ச் செல்லின் வழிவந்தவை ஆதலால் அவற்றின் மரபணுக்கள் ஒன்றே. பங்காளிச் சண்டைக்கு அங்கே இடம் குறைவு. கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்து தொடங்கும் நம் உடலும் பிளந்தும் பிரியாமலும்தான் வளர்கிறது.

அந்த இதழ்க்கூட்டத்தைத் தூண்டுவது எது என்பது அமெரிக்க உயிரியலாளர் நிக்கோல் கிங்கின் ஆய்வகத்தில் எதிர்பாராமல் புலப்பட்டது. உடன்வாழும் பாக்டீரியாக்களை ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழித்தபோது கூட்டம் அமைவது நின்றுபோனது. அல்கோரிபேகஸ் என்னும் ஒரேயொரு பாக்டீரியத்தைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி தோன்றியது. அந்தப் பாக்டீரியம் உண்டாக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளின் மிகச்சிறு அளவே அதற்குப் போதும் என்று 2012-இல் அவர்கள் அறிவித்தார்கள்.