உச்சி அகலுற வயசும் நம்மட சலூன் கதிரையும்

வணக்கம் எல்லாருக்கும். இப்ப ராவு எட்டரை மணி. சலூன் பூட்டியாச்சு. மட்டக்களப்புக் கல்லடியில இந்த நேரம் வாவிக் காத்து நல்லா அடிக்கும், அந்தச் சத்தம் மைக்ல வரும், பொறுத்துக்கோங்க.

இண்டைக்கு மேக்கப் வீடியோ இல்ல. ஐம்பது வயசுக்குக் கிட்ட வந்த நம்மட கஸ்டமர்மாருக்கு முடி கொட்டுறதப் பத்திக் கதைக்கப் போறன். முக்கியமா சலூன்ல வேல செய்யிற தங்கச்சிமாருக்குச் சொல்றன். அம்மாமார், மாமிமார் பாத்துக்கிட்டு இருந்தா நீங்களும் இருங்க, இது உங்கட விஷயம்தான்.

முதல்ல நான் செஞ்ச பிழையச் சொல்லணும். மூண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ரீச்சர் வந்தாங்க, பென்சன் எடுக்க ரெண்டு வருசம் இருந்திச்சு. பக்கத்துல கலியாண மேக்கப் பாக்க வந்த ரெண்டு புள்ளைகள் இருக்காங்க. நான் சீப்பால உச்சி பிரிச்ச உடனே, "ஐயோ ரீச்சர், உச்சியில இவ்வளவு கொட்டிட்டே, என்ன செய்றீங்க?" எண்டு கேட்டுட்டன். அக்கறையிலதான் கேட்டன். ஆனா கண்ணாடியில அவங்கட முகத்தக் கண்டன். ஒண்டும் சொல்லல்ல. காசு தந்தாங்க, போனாங்க. எட்டு மாசம் வரல்ல.

மறுகா ஒரு சாமத்திய வீட்டுல கண்டன். முந்தானையால தலைய மூடிக்கிட்டு ஓரத்துல இருந்தாங்க. கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டன். அப்ப சொன்னாங்க, "மகள், இந்த முறை ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போயும் தீர்த்தம் ஆடாம வந்துட்டன். தல நனைஞ்சா தோல் தெரியும்தானே." சின்ன வயசுல இருந்து ஒரு வருசமும் விடாதவங்க. அண்டைக்கு ராவு எனக்கு நித்திரை வரல்ல.

முடியில என்ன நடக்குது எண்டு நமக்கு விளங்கினாத்தான் அவங்களுக்கு ஒழுங்கா சொல்லலாம். மாதவிடாய் வந்து 12 மாசம் தொடர்ந்து வராம நிண்டா, அது மெனோபோஸ். கூடுதலான ஆக்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில வரும். ஆனா அதுக்குச் சில வருசத்துக்கு முந்தியே ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோன் ஏறி இறங்கத் தொடங்கிடும். முடி ஒண்டு வேர்ல இருந்து ரெண்டு தொடங்கி ஆறு வருசம் வரைக்கும் வளரும், மறுகா ஒரு மூண்டு மாசம் ஓய்ஞ்சு விழும், அந்த இடத்துல புதுசு வரும். ஈஸ்ட்ரஜன் குறைஞ்சா அந்த வளருற காலம் சுருங்குது. பெண்கள்ற உடம்புலயும் கொஞ்சம் ஆண் ஹோர்மோன் இருக்கு, அதுட கை ஓங்குது. அது சில வேர்களச் சின்னதாக்கும். அப்ப புதுசா வாற முடி முந்தினத விட மெல்லிசு, கட்டை, நிறமும் குறைவு. அதாலதான் சீப்புல பெருசா கொட்டாமலே உச்சி அகலுது. "எனக்குக் கொட்டல்லயே, ஆனா அடர்த்தி எங்க போச்சு?" எண்டு கேக்கிறவங்க பொய் சொல்லல்ல.

நாம கேக்க வேண்டிய கேள்வி ஒண்டு சொல்றன். "முடி கட்டுற பேண்ட் முந்தி எத்தின சுத்து வந்திச்சு, இப்ப எத்தின சுத்து?" முந்தி மூண்டு, இப்ப அஞ்சு எண்டு அவங்களே சொல்லுவாங்க. அதுல குத்தம் சொல்ற தொனி இல்ல, ஆனா அளவு தெரிஞ்சிரும்.

கேக்கிற இடமும் முக்கியம். முடி கழுவுற பேசின்கிட்ட, மத்தாக்களுக்குக் கேக்காத மாதிரி, மெல்லக் கேளுங்க. "தலையில ஏதும் மாற்றம் கண்டீங்களா?" எண்டு கேட்டுட்டு வாய மூடுங்க. அவங்க கதைக்க விரும்பினாக் கதைப்பாங்க. விரும்பாட்டி முடிய வெட்டி அனுப்புங்க, அடுத்த முறை சொல்லுவாங்க. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வாற ராத்தாமாருக்கு நான் தனி அறை வச்சிருக்கன். இப்ப அந்த அறைய இந்த வயசு வாற எல்லாருக்கும் குடுக்கிறன். கேட்டு வாங்க வைக்காதீங்க, நீங்களாவே "உள்ள வாங்க" எண்டு கூப்பிடுங்க.

இன்னொண்டு. கழுத்தச் சுத்தித் துணி கட்டி, ட்ரையரப் போட்டா, இந்த வயசுல இருக்கிறவங்களுக்குச் சட்டெண்டு உடம்பு நெருப்பா எரிஞ்சு வேர்த்துக் கொட்டும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். பயந்துருவாங்க. பருத்தித் துணியா லூசா கட்டுங்க, ஃபேன அவங்கட பக்கம் திருப்புங்க, ஒரு கிளாஸ் தண்ணி பக்கத்துல வைங்க. ட்ரையர நிப்பாட்டிட்டு ரெண்டு நிமிசம் பாத்துக்கிட்டு நிண்டாப் போதும்.

சரி, இப்ப கவனமாக் கேளுங்க. எல்லா முடி கொட்டலும் மெனோபோஸ் இல்ல. முன் கரை அப்படியே இருந்து நடு உச்சி மட்டும் அகலுது எண்டா, அது இந்த வயசுல கூடுதலா வாறது. கொத்துக் கொத்தா, தல முழுக்கப் போகுது எண்டா, ரெண்டு மூண்டு மாசத்துக்கு முந்தி என்ன நடந்த எண்டு கேளுங்க. மாரியில டெங்கு வந்து படுத்தவங்களுக்குப் பங்குனி, சித்திரையில போகும். ஒப்பரேஷன், வீட்டுல ஒரு சாவு, இதுகளுக்கும் அப்படித்தான். அது கூடுதலா திரும்பி வரும். வட்டமா வழுவழுப்பா இருந்தாப் புழுவெட்டா இருக்கலாம். நெத்திக் கரை பின்னால போகுது, புருவமும் கொட்டுது, அந்தத் தோல் மினுமினுப்பா இருக்கு எண்டா ஒரு கிழமையும் பிந்தாதீங்க. அதுல வேர் தழும்பாகி மூடுப்பட்டா அந்த முடி திரும்பாது. மாதவிடாய் நிண்ட பெண்களுக்குத்தான் அது கூட வரும், 1994ல தான் மருத்துவத்துல அத எழுதி வச்சாங்க. நாளாந்தம் கிட்ட நிண்டு பாக்கிறது நாமதான், டொக்டர் இல்ல. அதால முதல்ல காணுறதும் நாமளாத்தான் இருப்பம்.

கண்டா நோய்க்குப் பேர் வைக்காதீங்க. "இது தோல் டொக்டர் பாக்க வேண்டியது, நான் படம் எடுத்துத் தாறன்" எண்டு சொல்லுங்க. நான் அவங்கட போனிலேயே, ஒரே வெளிச்சத்துல, நடு உச்சிய மேல இருந்து எடுத்துக் குடுப்பன். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. என்ட போன்ல ஒண்டும் வைக்க மாட்டன். ரத்தத்துல இரும்புச் சத்து, தைரொய்ட் ரெண்டையும் டொக்டர் பாக்கச் சொல்லுவார், இரும்புச் சத்து குறைஞ்சாலும், தைரொய்ட் குறைஞ்சாலும் கூடினாலும் முடி போகும். ஆஸ்பத்திரிக்குப் போக வெக்கப்படுறவங்களுக்கு நான் சொல்றது, உங்கட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ்ல நடக்கிற சுகவனிதையர் கிளினிக். 35 வயசு தாண்டின பெண்களுக்கெண்டே வச்சிருக்கிற இலவச கிளினிக் அது. மிட்வைஃப் அம்மாவக் கேட்டா நாள் சொல்லுவாங்க. பிரஷர், சுகர், மார்பு எல்லாம் பாப்பாங்க, அங்கயே இதையும் கதைக்கலாம்.

எண்ணெய் விக்கிறதப் பத்தி ஒளிக்காமச் சொல்லணும். தேங்காயெண்ணெய் முடித் தண்டப் பாதுகாக்கும், உடையிறதக் குறைக்கும். சுருங்கின வேரத் திரும்பப் பெருசாக்காது. கிணத்துத் தண்ணி உவர் எண்டும் சொல்லுவாங்க. அதால முடி சொரசொரப்பாகும், உச்சி அகலாது. ரெண்டாயிரம் ரூபா போத்தலக் காட்டி "மூண்டு மாசத்துல முளைக்கும்" எண்டு ஒரு பொம்பிளையிட பயத்துல உழைக்காதீங்க கா. மினொக்ஸிடில் எண்டு தலையில பூசுற மருந்து இருக்கு, அது பெண்களுக்கும் உதவும். ஆனா டொக்டர்தான் குடுக்கணும். முதல் சில கிழமை இன்னும் கூடக் கொட்டும், அதப் பாத்துப் பயந்து நிப்பாட்டுவாங்க. நாலு தொடங்கி ஆறு மாசமாவது போகணும், விட்டாப் பழையபடி போகும். இதெல்லாம் நாம முதல்லயே சொல்லி வச்சா அவங்க இடையில விட மாட்டாங்க.

இப்ப நம்மட கைவேல. இந்த டம்மித் தலையப் பாருங்க. மெல்லிய முடிக்கு அடிய நேரா வெட்டினா அடர்த்தி தெரியும். அடர்த்தி குறைக்கிற பல்லுக் கத்தரி வேண்டாம், பிளேட்டால சீவவும் வேண்டாம். உச்சந்தலையில மட்டும் ரெண்டு நீளமான லேயர். உச்சிய நேர்க்கோடாப் பிரிக்காம, சீப்பு நுனியால இப்படி நெளிச்சு நெளிச்சுப் பிரிங்க. பாருங்க, கோடே காணாமப் போயிட்டு. இடுப்பு வரைக்கும் முடி இருக்கிறவங்களக் கட்டாயப்படுத்தாதீங்க. நம்மட ஊர்ல நீட்டு முடி எண்டா அம்மாட ஞாபகம், கலியாண ஞாபகம். "ரெண்டு அங்குலம் எடுத்துப் பாப்பமா?" எண்டு கேளுங்க.

டை அடிக்கிறப்ப கறுகறுப்பு வேண்டாம். தலைத் தோல் வெளுப்பு, முடி கறுப்பு எண்டா இடைவெளி இன்னும் எடுத்துக் காட்டும். கரும் பழுப்பு நிறம் அடிச்சா ரெண்டும் ஒண்டோட ஒண்டு கலக்கும். காதுக்குப் பின்னால ஒரு துளி வச்சு 48 மணித்தியாலம் பாத்துட்டுத்தான் அடிக்கணும், பத்து வருசமா அதே டை எண்டாலும் பாருங்க.

கலியாண வீட்டுக்கு வாற மணமகள்ட அம்மாவுக்கு, பெரிய சவுரியும் ஒரு முழம் பூவும் வச்சு இறுக்கிக் குத்துறத விடுங்க. அந்தப் பாரத்த மெல்லிய வேர் தாங்காது. கழுத்துக்குக் கிட்டத் தாழ்த்தி லூசாக் கொண்ட போட்டு, பூவச் சுத்தி வைங்க, நல்ல வடிவா இருக்கும். ஸ்கார்ஃப் போடுறவங்களுக்கும் அதுதான். துணியில பிழை இல்ல, உள்ள இறுக்கிக் கட்டுற கொண்டையிலதான். முடி காஞ்ச பிறகு கட்டச் சொல்லுங்க.

ரீச்சர் திரும்ப வந்தாங்க. அந்த உள் அறையிலதான் வெட்டினன், தோளுக்கு மேல. டொக்டர்கிட்டயும் போனாங்க, இரும்புச் சத்து குறைவா இருந்திருக்கு, மருந்தும் பூசுறாங்க. உச்சி பழையபடி ஆகல்ல, கொஞ்சம் நிரம்பியிருக்கு. இந்த வருசம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் வந்து, "மகள், பேசின்ல தலைய நனைச்சுக் காட்டு" எண்டாங்க. நனைச்சன். உச்சிய ஒரு பக்கமா நெளிச்சு, விரலால பின்னுக்கு வாரி விட்டன். கைக் கண்ணாடியப் பின்னால பிடிச்சு மேல இருந்து காட்டினன். தோல் தெரிஞ்சிச்சு, கொஞ்சம். கனநேரம் பாத்தாங்க.

"சரி புள்ள, துடை. விடியக்காலம் நாலு மணிக்கு வேன் வருது" எண்டாங்க.