நிறவெறி நினைவிடங்களில் யார் குரல் ஒலிக்கிறது?

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, அரங்கை வாடகையின்றித் தந்துதவிய பள்ளித் தாளாளர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பேராசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்கா தன் நிறவெறி வரலாற்றை நினைவிடங்களில் எவ்வாறு காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது, யார் காட்டுகிறார்கள் என்ற மூன்றையும் பேச வந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட நிறவெறி அருங்காட்சியகத்தில், நுழைவுச்சீட்டு குருட்டாம்போக்கில் உங்களை 'வெள்ளையர்' என்றோ 'வெள்ளையர் அல்லாதார்' என்றோ பிரித்துத் தனித்தனி வாசலுக்கு அனுப்புகிறது. நல்ல உத்திதான், ஆனால் சில நிமிடங்களில் தணிந்துவிடும் காய்ச்சல் அது.

கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் கதையைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். பல இனத்தவர் கலந்து வாழ்ந்த அப்பகுதியை 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையருக்கு மட்டும் உரியதென அரசு அறிவித்தது. ஏறத்தாழ 60,000 பேர் நகருக்கு வெளியே மணல்வெளிக் குடியிருப்புகளுக்குத் துரத்தப்பட்டனர். வழிபாட்டுத் தலங்கள் சில நீங்கலாக வீடுகளெல்லாம் இடிக்கப்பட்டன. இடிப்பு வேலையில் இருந்த ஒருவர், தெருப் பெயர்ப் பலகைகளை மட்டும் இடிபாட்டோடு கொட்டாமல் தம்மிடம் வைத்துக்கொண்டார். தெருவே இல்லை, தெருப்பலகை இருக்கிறது! 1994இல் பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் உருவானபோது அப்பலகைகள் அங்கே தொங்கின. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில் பழைய குடிகள் குனிந்து, தாங்கள் வாழ்ந்த இடத்தில் தம் கையாலேயே பெயர் எழுதினர். வல்லுநர் எழுதும் விளக்கப் பலகை இதற்கு ஈடாகுமா? தலைவலியும் காய்ச்சலும்... மிச்சத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நிறவெறி அரசு தன் எதிர்ப்பாளர்களை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறையைச் சுற்றிக் காட்டுவோர் முன்னாள் அரசியல் கைதிகளே. அங்கே மண்டேலாவின் சக கைதியும் இந்திய வம்சாவளியினருமான கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டையும், அவரினும் பதினோரு வயது மூத்தவராயினும் கறுப்பரான மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டையும் தரப்பட்டதைப் பட்டவர் வாயால் கேட்பது வேறு. அந்த வழிகாட்டிகளுக்கும் வயதாகிவிட்டது.

ஆகவேதான் மேடைதோறும் கேட்கிறேன். இதேபோல் டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட இந்தியரில் தமிழ் வழியினரும் உண்டு. அம்முதியோரின் குரலைப் பதிவு செய்து, தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய அறப்போரில் சிறை சென்று, அங்கே பற்றிய காய்ச்சலால் 1914இல் பதினாறு வயதில் மாண்ட வள்ளியம்மையின் தில்லையாடி நினைவு மண்டபத்தில் ஒலிக்கச் செய்ய வேண்டும். எதை விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு இனி நேரமில்லை. கோரிக்கை மனு வாசல் மேசையில் உள்ளது. முதல் கையெழுத்தை மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் இடுவார்கள் என்று அவர்களைக் கேட்காமலேயே அறிவித்து அமர்கிறேன்.