ஓடுகிறவன் பாலத்தை வெட்டுவானா?

நடுவர் அவர்களே, பெரியோர்களே, வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன்.

1836இல் மெக்சிகோவிடமிருந்து டெக்சஸ் விடுபட்டதற்குப் பெரிதும் காரணம் மெக்சிகோ படையை எதிர்த்து அலமோ கோட்டையில் மடிந்த டெக்சஸ் வீரர்களா, டெக்சஸ் தளபதி சாம் ஹூஸ்டனா? நான் ஹூஸ்டன் கட்சி. எதிரணி அண்ணன் சொன்னார்: "ஹூஸ்டன் தளபதி இல்லை, ஓட்டப்பந்தய வீரர். ஒரு மாதத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தார்." நீங்களும் கைதட்டினீர்கள். சரி, நடக்கட்டும்.

அண்ணே, கிடாமுட்டு பார்த்ததில்லையா? கிடா பின்னால் போவது வீட்டுக்குப் போகவா? ஏப்ரல் 21, சான் ஜசிந்தோ என்ற இடத்தில் முடிவான சண்டை. சண்டைக்கு முன்னால் இரு படைக்கும் தப்பிப் போக வழியான வின்ஸ் பாலத்தை வெட்ட ஆள் அனுப்பினார் ஹூஸ்டன். ஓடுகிறவன் பாலத்தையா வெட்டுவான்? மாலை நாலரை மணி. மெக்சிகோ முகாமில் பல பேர் தூக்கம். 18 நிமிடம், சண்டை முடிந்தது. கணுக்காலில் குண்டு வாங்கியவர் ஹூஸ்டன். ஓடியவர் யார்? மெக்சிகோவின் அதிபர், படையை நடத்தி வந்த சாண்டா அன்னா!

அதுவும் எப்படி? சாதாரண ஆள் உடுப்பில். மறுநாள் பிடித்தவர்களுக்கும் இவர் யாரென்று தெரியவில்லை. யாரோ சிப்பாய் என்று கைதிகள் நடுவே கொண்டுவந்தார்கள். அங்கேதான் வினை. அவருடைய சிப்பாய்களே மரியாதையாக, "எல் பிரெசிடென்டே!" என்றார்கள். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மறுபடி சொல்கிறேன். மாறுவேடத்தில் அதிபர், எதிரே அவர் சம்பளம் கொடுத்த ஆட்கள், "அதிபர் ஐயா!" மனிதர் மனசுக்குள் என்ன சொல்லியிருப்பார்? "வாயை மூடுங்கடா பாவிகளா, இன்றைக்கா உங்கள் விசுவாசம்!"

சிரித்தது போதும். அண்ணன் சொன்ன ஓட்டம் கோன்சாலஸில் தொடங்கியது. அந்தச் சின்ன ஊரிலிருந்து 32 பேர் அலமோவுக்குத் துணையாகப் போனவர்கள். எல்லோரும் செத்தார்கள். மார்ச் 13 அன்று சேதி வந்தபோது வீட்டுக்கு வீடு அழுகை. அந்த இரவே ஊரைக் காலிசெய்து கொளுத்தச் சொன்னார் ஹூஸ்டன். கிளம்பிய பிறகுதான் தெரிந்தது: செத்தவர்களில் ஒருவருடைய கண் தெரியாத மனைவி, பிள்ளைகளோடு விடுபட்டுப்போய்விட்டார். பின்னால் எரிகிற ஊர், துரத்தி வரும் படை. ஹூஸ்டன் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

அந்தம்மா பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள், அண்ணே. நன்றி, வணக்கம்.